உள்ளங்கை எடை

போன வாரக் கதையில் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பும்போது, ஓட்டக்காரி தன் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டாள். 'நாள்பட்ட நோய் ஏதும் உண்டா' என்ற ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஆஸ்துமா என்று எழுதினால் கழித்துவிடுவார்களோ என்று பயம். இல்லை என்று எழுத மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். அம்மாதான் அதை எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்று அந்த ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டர். முதலில் வரும் மூன்று பெண்களுக்கு மாநில அணியின் பயிற்சி முகாமில் இடம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. இன்று விட்டால் விட்டதுதான்.

விடிந்தும் விடியாத வேளையில் சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு இடம் இல்லாத சமையலறை அது. அம்மா சுவரில் தொங்கிய மாத நாட்காட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். அதற்குப் பின்னால் சுவர் முழுக்க பென்சிலில் எழுதிய எண்கள். ஆறு வருடத்து மூச்சு அந்தச் சுவரில் இருந்தது.

"ஊது" என்றாள் அம்மா.

மூச்சின் வேகத்தை அளக்க டாக்டர் கொடுத்த குழாய். மகள் மூன்று முறை ஊதினாள். மூன்றில் பெரியது நானூற்றுப் பத்து. முந்நூற்று ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்குக் காலணி கட்டிலுக்கு அடியிலேயே கிடக்க வேண்டும் என்பது டாக்டர் கணக்கு. அம்மா 410 என்று எழுதிவிட்டு நாட்காட்டியை இறக்கி விட்டாள். எண்கள் மறைந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்வையில் அது படக்கூடாது. யார் கேட்டாலும் இருபது வருடமாக அம்மாவிடம் ஒரே பதில்தான்: சளி உடம்பு, வேறொன்றும் இல்லை.

அடுத்தது அப்பாவின் முறை.

அப்பாவுக்கு சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே கிடங்கு, அதே தோள். ஒரு மூட்டை தோளில் ஏறியதும் அரை கிலோ குறைகிறது, கால் கிலோ கூடுகிறது என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இயந்திரத்தைத்தான் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அங்கே அவருக்குப் பெயரே தராசு என்றாகிவிட்டது.

மகளிடம் இரண்டு மருந்து உண்டு. தினமும் காலையும் இரவும் இழுப்பது ஒன்று. ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பும், மூச்சு இறுகும்போதும் இழுப்பது இன்னொன்று, நீல இன்ஹேலர். எத்தனை முறை அழுத்தினோம் என்று காட்டும் சின்னச் சாளரம் சிலவற்றில் இருக்கும். இந்த நீலத்தில் அது இல்லை. அதனால் வாரம் ஒருமுறை அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக் கண்ணைப் பாதி மூடி எடை பார்ப்பார். இன்றும் பார்த்தார்.

"அரைக்கு மேல கிடக்கு. ஒரு மாசம் தாங்கும்."

நாலைந்து நாளாக அந்த மருந்து கொஞ்சம் சப்பென்று இருப்பதாக மகளுக்குத் தோன்றியிருந்தது. ஆனால் தராசு சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது. அதுவுமில்லாமல், அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சிமெண்ட் தூசி அவள் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து கிடங்குக் குழாயடியிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவார். ஊரில் உள்ள மூட்டையெல்லாம் ஏறிய அந்தத் தோளில் மகள் மட்டும் ஏறியதில்லை. அந்த உள்ளங்கை எடைதான் அவர் அவளிடம் பேசுகிற பேச்சு. அதைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது?

"பதினாலாவது கிலோமீட்டர் நம்ம கிடங்கு வாசல்" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "நான் அங்க நிப்பேன்."

*

ஓட்டம் தொடங்கும் மைதானத்தில் காற்று குளிர்ந்து கிடந்தது. அவள் வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தாள். குளிர்காற்று நேராக நெஞ்சுக்குள் போனால் அவளுக்கு ஆகாது. மற்றப் பெண்கள் விசுக்விசுக்கென்று ஓடிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு குட்டை முடிக்காரி, பத்தொன்பது வயது இருக்கும், ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். போன மாதம் இவளை ஒரு போட்டியில் முந்தியவள்.

ஆறு நாற்பதுக்கு ஒரு மறைவில் போய் நீல இன்ஹேலரைக் குலுக்கி, இழுத்தாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. சில்லென்று காற்று வந்தது. ஆனால் நாக்கின் அடியில் வழக்கமாக இறங்கும் கசப்பு வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தாள். அப்போதும் கசப்பு இல்லை.

குலுக்கினால் உள்ளே சலசலக்கிறது. கையில் வைத்தால் கனம் இருக்கிறது. அப்பா சொன்னது பொய் இல்லை. ஆனால் இருபது வருடமாகக் கசந்த நாக்கும் பொய் சொல்லாது.

ஓட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. காலையில் நானூற்றுப் பத்து ஊதியிருக்கிறாள். வாயைத் திறக்காமல் போய்க் கோட்டில் நின்றால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வேலை செய்கிற நீல மருந்து இடுப்பில் இல்லாமல் ஓடமாட்டேன் என்று டாக்டருக்கும் அம்மாவுக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். மருந்து இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். கோட்டை ஒட்டிப் போட்டிருந்த முதலுதவிக் கூடாரம். அதற்குப் பக்கத்திலேயே தேர்வு அதிகாரியின் மேசை. அங்கே போய்க் கேட்டால் இத்தனை வருடம் மூடி வைத்ததெல்லாம் பானையைக் கவிழ்த்த மாதிரி வெளியே வந்துவிடும்.

துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குள் போனாள்.

அங்கிருந்த நர்ஸ் பருமனான, அவசரமே படாத பெண். இன்ஹேலரை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இதையே வச்சிருக்க?"

"அஞ்சு மாசமா."

"இருக்குன்னு யாரு சொன்னது?"

"எங்கப்பா. கையில வச்சே எடை சொல்லிடுவாரு."

"உங்கப்பா கை பொய் சொல்லலம்மா. உள்ள எடை இருக்கு, மருந்துதான் இல்ல. மருந்து தீர்ந்த பிறகும் இது புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து விட்டுக்கிட்டே இருக்கும். நம்ம ஆளுங்க சில பேரு மாதிரி. இதை எண்ணித்தான் பாக்கணும்."

நர்ஸ் புதிதாக ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். இழுத்ததும் கசந்தது. அந்தக் கசப்பு அவளுக்கு அப்போது எவ்வளவு இனித்தது என்பதை, மூச்சுக்காக ஒருநாளாவது ஏங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குள் பேச்சு காதில் விழுந்து தேர்வு அதிகாரி கூடார வாசலுக்கு வந்துவிட்டார். கையில் அவள் விண்ணப்பம். நாலைந்து ஓட்டக்காரிகள் அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். குட்டை முடிக்காரி எல்லோருக்கும் முன்னால், கண் கொட்டாமல் நின்றிருந்தாள்.

"நாள்பட்ட நோய் இருக்கான்னு கேட்ட இடத்துல இல்லைன்னு எழுதியிருக்கீங்களே" என்றார் அதிகாரி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கட்டத்தை அவள் காலியாக அல்லவா விட்டாள். தாளை வாங்கிப் பார்த்தாள். 'இல்லை' என்று இருந்தது. அந்த எழுத்தின் வால் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் போல நீண்டு சுருண்டு கிடந்தது. அப்படி வால் போடுகிற கை ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். காலையில் 410 என்று எழுதியதும் அந்தக் கைதான்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார். நான்தான்."

"பொய்யின்னு தெரிஞ்சேவா?"

"இப்ப உண்மையச் சொல்றேன் சார். எனக்கு ஆஸ்துமா. நாலு வயசுலேருந்து இருக்கு. அதோடதான் பதினோரு வருஷமா ஓடுறேன்."

அதிகாரி நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அவளைப் பத்து நிமிடம் உட்கார வைத்து, தன்னிடமிருந்த குழாயை நீட்டி ஊதச் சொன்னாள். நானூற்று முப்பது. முதுகில் காதுக்குழாய் வைத்துக் கேட்டாள். ஓடலாம், வழியில் இரண்டு இடத்தில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், நெஞ்சு விசிலடித்தால் நின்றுவிட வேண்டும் என்றாள். அதிகாரி பேனாவை மூடினார். நோயோடு ஓடுவதற்கு எந்தத் தடையும் இல்லை என்றும், பொய் எழுதியதற்குத்தான் விதி இருக்கிறது என்றும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

எழுதினால் தடுத்துவிடுவார்கள் என்று நினைத்ததற்குத் தடையே இல்லை. மறைத்ததுதான் இப்போது தடை. அதை நினைத்து அழ நேரம் இல்லை. தீர்ந்துபோன பழையதை நர்ஸிடம் கேட்டு வாங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புதியதை இடுப்புப் பட்டையில் செருகினாள். போய்க் கோட்டில் நின்றாள்.

*

கிடங்கில் இறக்கத் தொடங்கிய லாரியை நடுவில் நிறுத்துவது கிடையாது. உடம்புச் சூடு ஆறினால் முதுகு பிடித்துக்கொள்ளும். மறுபடி முதல் மூட்டை தூக்குவது மலையைத் தூக்குகிற மாதிரி. மழை வந்தால் ஒழிய, கடைசி மூட்டை இறங்கும் வரை கை நிற்காது. இருபத்திரண்டு வருடத்தில் தராசு ஒருநாளும் நில் என்று சொன்னவர் இல்லை.

ஏழே முக்காலுக்கு, நூற்றுப் பதினேழாவது மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் மேஸ்திரியிடம் போனார். எப்படிக் கேட்பது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்த நேரம் பார்த்துத் தொலைந்து போயிருந்தது.

"கொஞ்சம் நிறுத்தணும்" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"ரயில் போற வரைக்கும்."

சின்ன வயதில் மகளின் மூச்சு விசிலடிக்கும். தெருப் பிள்ளைகள் ரயில், ரயில் என்று கேலி செய்வார்கள். அவள் அழுதுகொண்டு வந்து சொன்னதை அப்பா கிடங்கில் வந்து சொல்ல, அங்கிருந்தவர்கள் அந்தப் பெயரைக் கேலியில் இருந்து பிடுங்கித் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். நம்ம ரயிலு நேத்து பத்து கிலோமீட்டர் ஓடிச்சாம், நம்ம ரயிலு முதல்ல வந்துச்சாம் என்பார்கள்.

மேஸ்திரி சாலையைப் பார்த்தார். கிடங்கு வாசலில் சாம்பல் நிறத்தில் தூசி மிதந்துகொண்டிருந்தது. பிறகு தோளில் இருந்த துண்டை உதறி இடுப்பில் கட்டினார்.

"ரயில் வருதாம்டா. கேட்டைப் போடுங்க."

இறக்கிக்கொண்டிருந்த பதினெட்டு பேரும் மூட்டையை வைத்தார்கள். லாரியின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். இரண்டு பீப்பாய்த் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வாசலிலிருந்து வளைவு வரை தெளித்தார்கள். சாக்குகளை நனைத்துத் தூசி குவிந்த இடமெல்லாம் விரித்தார்கள். வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார்கள். உள்ளே வரவேண்டிய அடுத்த லாரிக்காரர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருக்க, மேஸ்திரி போய், கேட் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டு வந்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாசலில் தூசி அடங்கிக் காற்று கண்ணாடி மாதிரி ஆனது அன்றைக்குத்தான்.

அவள் வந்தாள்.

அவள் ஓடும் விதம் அப்பாவுக்கு மனப்பாடம். முதல் மூன்று கிலோமீட்டர் கடைசி ஆளாகத்தான் வருவாள். மற்றவர்கள் நெஞ்சு கோட்டிலேயே விழித்துக்கொள்ளும். அவள் நெஞ்சு தாமதமாக எழுந்திருக்கிற ஆள். அதை அதட்டி எழுப்பக்கூடாது. மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே என்று மூச்சைக் காலோடு கட்டி மெல்ல மெல்ல இழுத்து வருவாள். ஐந்தாவது கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொருவராகப் பின்னால் போவார்கள். இப்போது அவளுக்கு முன்னால் ஒருத்திதான் போயிருந்தாள். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.

ஈரச் சாலையில் அவள் கால் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கத்தவில்லை. கத்தினால் அவள் சிரிப்பாள், சிரித்தால் மூச்சு கலையும் என்று தராசு முன்பே சொல்லி வைத்திருந்தார். பதினெட்டு பேரும் கயிற்றுக்குப் பின்னால் தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அந்த ஈரத்தைப் பார்த்தாள், சாக்குகளைப் பார்த்தாள், மூடிய லாரியைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். நின்ற இடத்திலேயே இருந்த அப்பாவைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினாள். போய்விட்டாள்.

மேஸ்திரி அவர் முதுகில் தட்டினார்.

"என்ன தராசு, பெத்த பொண்ணு பறக்குது, நீ இடிவிழுந்த மாதிரி நிக்கிற?"

தராசு அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் அவள் இடுப்பில் நின்றுவிட்டது. ஒரு தோளைப் பார்த்தே அதில் இருப்பது முழு மூட்டையா அரை மூட்டையா என்று சொல்லுகிற கண் அது. அந்த இடுப்புப் பட்டை வலப்பக்கம் இறங்கிக் கிடந்தது. காலையில் அவர் உள்ளங்கையில் இருந்த சாமான் அந்தப் பட்டையை அவ்வளவு இழுக்காது.

"அது நான் எடை போட்டது இல்ல" என்றார் மெதுவாக. மேஸ்திரிக்கு விளங்கவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, நூற்றுப் பதினெட்டாவது மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார் தராசு. அன்று முதல் தடவையாக அதன் எடையைக் கவனிக்காமலே தூக்கினார்.

*

பதினேழாவது கிலோமீட்டரில் யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். புகை சாலைக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. சுற்றிப் போக வழி இல்லை. துணியால் மூக்கை மூடிக்கொண்டு புகுந்து வெளியே வந்தபோது நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை இறுக்குவது போல இருந்தது. பின்னால் விசில் சத்தம் கேட்டது. தன் நெஞ்சுதான் என்று நினைத்தாள்.

நின்றாள்.

ஓட்டத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும். கால் போ போ என்கிறது. அவள் சாலையோரம் நிமிர்ந்து நின்று, இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, நிதானமாக இழுத்து, பத்து எண்ணினாள். அந்தப் பத்துக்குள் இரண்டு பேர் அவளைக் கடந்து போனார்கள். இரண்டாவது ஆள் குட்டை முடிக்காரி. அவசரப்படாமல் இன்னொரு முறை இழுத்து, மறுபடி பத்து எண்ணினாள். பிறகு நடந்தாள். நெஞ்சு இளகி, மூச்சு மூன்றுக்கு இரண்டு என்று காலோடு சேர்ந்த பிறகுதான் ஓடினாள். நின்றது தோல்வி இல்லை என்று அவளுக்குப் பதினோரு வருடம் சொல்லிக் கொடுத்திருந்தது. நிற்கத் தெரிந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

இருபதாவது கிலோமீட்டரில் குட்டை முடிக்காரியை நெருங்கினாள். அப்போதும் அந்த விசில் கேட்டது. தன் நெஞ்சைக் கவனித்தாள். அது சீராக இருந்தது. ஆச்சரியப்பட நேரம் இல்லை. கடைசி முந்நூறு மீட்டரில் அவளைத் தாண்டினாள். மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தாள். பதினோரு அடி வித்தியாசம்.

கோட்டுக்கு அப்பால் அம்மா நின்றிருந்தாள். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அரைநாள் விடுப்புக்கூட எடுத்ததில்லை. இன்று எடுத்திருந்தாள். மகள் ஜெயித்ததை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா, தோள் ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்த்தாள். பையிலிருந்து மடித்த துண்டு ஒன்றை எடுத்தாள். துண்டுக்குள் குழாய் ஒளிந்திருந்தது.

"அந்த மூலைக்கு வா. ஊது" என்றாள் தாழ்ந்த குரலில்.

மகள் துண்டுக்குள்ளிருந்து குழாயை உருவினாள். அத்தனை பேர் நடுவில், மைதானம் பார்க்க, நிமிர்ந்து நின்று ஊதினாள்.

"முந்நூத்து எழுபதும்மா" என்று சத்தமாகவே சொன்னாள்.

அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கைதட்டினார்கள். அம்மாவின் முகத்தில் வெட்கமா பெருமையா என்று தெரியாத ஒன்று வந்து குந்தியது. பிறகு பெருமைதான் ஜெயித்தது. குழாயைத் துண்டில் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெருமைக்கு ஐந்து நிமிடம்தான் ஆயுள். அதிகாரி வந்தார். மூன்றாவது இடத்தை இப்போது அறிவிக்க முடியாது என்றார். நாலாவதாக வந்த பெண்ணின் குழுவிலிருந்து ஆட்சேப மனு வந்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தேர்வுக் குழு முன்னால் வரவேண்டும்.

"இல்லைன்னு பொய் எழுதினதை இவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்று அம்மாவிடம் விளக்கினார்.

அம்மாவின் கையில் இருந்த குழாய் கீழே விழுந்தது.

*

மதியம் இரண்டு மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். குளித்து, உடை மாற்றி, தலை ஈரத்தோடு. உட்காராமல் கையை நீட்டினார்.

"பழசைக் குடு கண்ணு."

மகள் தயங்கினாள். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். ஆனால் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தாள். புதியதையும் கேட்டு வாங்கினார். வலது உள்ளங்கையில் பழசு, இடதில் புதுசு. கண்ணைப் பாதி மூடினார்.

நர்ஸ் சொன்னதை மகள் சொன்னாள். எடை சரிதான் அப்பா, உங்கள் மேல் தப்பில்லை, உள்ளே இருந்தது காற்று என்றாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

"எடை சரி" என்றார் அப்பா. "எடை போட்ட ஆளுதான் தப்பு. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காம தோள்ல ஏத்திட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்தார். கிடங்கில் மூட்டை எண்ணக் கோடு போடுகிற சாக்பீஸ். எண்ணுவது எழுத்தர் வேலை, தன் வேலை இல்லை என்று இத்தனை காலம் அதைத் தொடாதவர். சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். எண்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இன்றைக்கு எத்தனை முறை என்று கேட்டார். கூடாரத்தில் இரண்டு, சாலையில் இரண்டு. சுவரின் கீழ்ப்பக்கம் நாலு கோடு போட்டார். இனிமேல் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு, இருநூறு வந்தால் புதுசு என்றார். நாட்காட்டியை மறுபடி மாட்டவில்லை.

அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தன் நல்ல உடையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே இடத்தில் வெகு நேரம் தேய்த்தாள்.

"ஏண்டி, நீ எழுதினேன்னு எதுக்குச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற?"

"நான் எழுதினதுன்னு சொல்லணும். அந்தக் காலிக் கட்டத்தைப் பாத்ததும் எனக்குக் கை சும்மா இருக்கல. இருபது வருஷமா வாயால சொன்னதைக் கையால எழுதிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு நான் வர்றேன். எழுதினவதான் போய்ச் சொல்லணும்."

"அப்ப நானும் வரணும்ல" என்றார் அப்பா. "காத்தை எடை போட்டவன்."

மகள் சிரித்தாள். சிரிப்போடு நெஞ்சில் லேசாக ஒரு விசில் எழுந்தது. ரயில் கிளம்பிவிட்டது என்றார் அப்பா. மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கதவு தட்டப்பட்டது.

வாசலில் குட்டை முடிக்காரி நின்றிருந்தாள். தனியாக வந்திருந்தாள். ஓட்டக்காரியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, அந்த மனு நான் குடுக்கச் சொல்லல. வேணாம்னு சொல்லியும் எங்க குழுக்காரங்க கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு இருமினாள். உதட்டை அழுத்தி, சத்தம் வெளியே வராமல், தோளை மட்டும் குலுக்கி இருமுகிற இருமல்.

அந்த இருமலை மறைக்கும் விதத்தை அம்மா இருபது வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நாளைக்கு மகளின் இடம் யாருக்குப் போகக்கூடுமோ அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். ஓட்டக்காரிக்கும் அப்போதுதான் பதினேழாவது கிலோமீட்டரில் தன் பின்னால் கேட்ட விசில் யாருடையது என்று உறைத்தது.

அம்மா குழாயின் வாயைக் கொதிநீரில் கழுவி, உதறித் துடைத்து, எண்கள் நிறைந்த அந்தச் சுவருக்கு எதிரே அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஊது" என்றாள்.